'போர்டு போச்சு' என்று போனிலேயே சொல்கிறவரை நம்பலாமா?

கேள்வி: திருச்சியில் தனி வீடு. 2019-ல் வயர் இழுத்து வைத்த அலாரம். பத்து நாளாக ராத்திரி கோடு நம்பரைப் போட்டால் பீப் பீப் என்று கத்திவிட்டு ஆர்ம் ஆகாமல், அதாவது காவலுக்குத் தயாராகாமல் நிற்கிறது. கீபேடில் 'ஜோன் 3' என்று வருகிறது. அது கொல்லைப்புறக் கதவு. பழைய மரக்கதவு கரையான் அரித்ததால் போன மாதம் இரும்புக் கதவு போட்டோம். அலாரம் வைத்தவர் போனிலேயே 'போர்டு போச்சு, 14,000 ஆகும்' என்கிறார். அடுத்த வாரம் திருப்பதி போகிறோம். மாற்றிவிடலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். போர்டு போயிருந்தால் பெரும்பாலும் கீபேட் இவ்வளவு தெளிவாக ஒரு ஜோனை மட்டும் காட்டாது. கொல்லைக் கதவு திறந்திருப்பதாக அது நினைக்கிறது, அதனால் ஆர்ம் ஆக மறுக்கிறது. வாங்கியதே அதற்காகத்தான்.

நீங்களே போகிறபோக்கில் சொன்ன இரும்புக் கதவுதான் என் சந்தேகம். கதவில் ஒட்டியிருக்கும் துண்டு வெறும் காந்தம். நிலையில் இருக்கும் துண்டுக்குள் சின்னக் கண்ணாடிக் குழாய், அதில் இரண்டு மெல்லிய தகடுகள். காந்தம் பக்கத்தில் வந்தால் தகடுகள் ஒட்டிக்கொள்ளும், கதவு மூடியதாகக் கணக்கு. மரக்கதவில் இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 2 செ.மீ. இடைவெளி இருந்தாலும் வேலை செய்யும். இரும்பு காந்தத்தின் இழுவையைத் தன் பக்கம் வாங்கிக்கொள்வதால், அதே காந்தம் பாதித் தூரத்துக்குக்கூட எட்டாமல் போகலாம். ஆரம்பத்தில் மயிரிழையில் வேலை செய்திருக்கும். கீல் கொஞ்சம் தொய்ந்ததும் கைவிட்டிருக்கும்.

சோதிப்பது சுலபம். அலாரம் ஆஃபில் இருக்கும்போது கதவிலிருந்து காந்தத் துண்டை மட்டும் ஸ்க்ரூ கழற்றி, நிலையில் இருக்கும் துண்டோடு ஒட்டிப் பிடியுங்கள். ஜோன் 3 மறைந்துவிட்டதா? சரி, குற்றவாளி இடைவெளிதான். காந்தத்துக்கு அடியில் அரை அங்குல மரக்கட்டையோ பிளாஸ்டிக் துண்டோ வைத்து இரும்பிலிருந்து விலக்குங்கள், அப்படியே நிலைத் துண்டுக்கு நெருக்கமாகவும் கொண்டுவாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் இரும்புக் கதவுக்கென்றே பெரிய காந்த சென்சார் கிடைக்கிறது. ரோலிங் ஷட்டருக்குப் போடுவது என்று கேட்டால் கடைக்காரருக்குப் புரியும். ஒட்டிப் பிடித்தும் ஜோன் மறையவில்லையா? அப்போது வயர் அறுந்திருக்கலாம். கதவு மாற்றியவர்கள் நிலையில் டிரில் போட்டார்களா என்று பாருங்கள்.

ஆள் வந்தால் ஒன்றில் கவனமாக இருங்கள். பழுது தேட நேரமில்லாதவர்கள் அந்த ஜோனை பைபாஸ் செய்வார்கள், அதாவது அந்தக் கதவைக் கண்டுகொள்ளாதே என்று அலாரத்துக்குச் சொல்லிவிடுவார்கள். இன்னும் மோசம், அலாரத்தின் மெயின் பெட்டியான பேனலுக்குள்ளேயே அதன் இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிவிடுவார்கள், கதவு எப்போதும் மூடியதாகவே கணக்கு. பேனல் சமர்த்தாக ஆர்ம் ஆகும், நீங்களும் பணத்தை நீட்டுவீர்கள், கொல்லைக் கதவை யார் திறந்தாலும் சைரன் வாய் திறக்காது. நான் பார்த்த ஒரு வீட்டில் நான்கு ஜோனில் மூன்று இப்படி முறுக்கிக் கிடந்தன. அந்த அலாரத்துக்கு வீட்டுக்காரர் மூன்று வருடம் ஏ.எம்.சி. (வருடப் பராமரிப்பு ஒப்பந்தப் பணம்) வேறு கட்டியிருந்தார்! அதனால் ஆள் கிளம்புவதற்கு முன், பக்கத்து வீட்டுக்குச் சொல்லிவிட்டு, ஆர்ம் செய்து கொல்லைக் கதவைத் திறந்து பாருங்கள். காது கிழிந்தால்தான் காசு.

இன்னொரு விஷயம், இன்ஸ்டாலர் கோடு. நீங்கள் தினமும் போடுவது யூசர் கோடு, ஜோன்களின் செட்டிங்கை மாற்ற வேறு கோடு. அதை வாடிக்கையாளரிடம் சொல்லாமல் பொத்தி வைப்பது இந்தத் தொழிலில் பழகிப்போன அயோக்கியத்தனம். காசு கொடுத்து வாங்கிய சாமானுக்கு சாவி கடைக்காரரிடம் இருக்குமா? எழுதி வாங்குங்கள். தர மறுத்தால் அடுத்த ஏ.எம்.சி.க்கு அவரைக் கூப்பிடாதீர்கள்.

பெட்டிக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி 2019-லிருந்து அதேதானா? அப்படியானால் கரண்ட் போனதும் படுத்துவிடும், மாற்றிவிடுங்கள். அதற்கு 14,000-ல் பத்தில் ஒரு பங்கு ஆனாலே அதிகம். கிளம்பும் முன் மெயினை ஒரு மணி நேரம் நிறுத்தி, கீபேட் அணையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். ஊருக்குப் போவதைப் பக்கத்துக் காவல் நிலையத்திலும் சொல்லிவிட்டுப் போங்கள்.