மங்கல் திரையும் நான்கு பேட்டரியும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: புதிய கருவிகளைப் பற்றிக் கேட்டாலும் நீங்கள் பழைய வீடியோ கேம்களுக்கே போய்விடுகிறீர்கள். இது வெறும் இளமைக்கால ஏக்கம் அல்லவா? – வாசகர், ஈரோடு

பதில்: ஏக்கமும் உண்டு, அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் என் மேசை இழுப்பறையில் இன்றும் ஒரு கேம் பாய் என்னும் கையடக்க விளையாட்டுக் கருவி கிடப்பதற்கு அது மட்டுமே காரணமன்று. நிண்டெண்டோ நிறுவனத்தில் பொறியாளராக இருந்த குன்பெய் யோகோய், விலை இறங்கி, கோளாறுகள் எல்லாம் தெரியவந்து, பழகித் தேய்ந்துவிட்ட தொழில்நுட்பத்தை எடுத்து அதற்கு யாரும் எதிர்பாராத வேலையைக் கொடுப்பதையே தம் தொழில்முறையாக வைத்திருந்தார். கால்குலேட்டரில் எண்களைக் காட்டிக்கொண்டிருந்த அதே வகைத் திரையைக் கொண்டு 1980இல் அவர் உருவாக்கியதுதான் 'கேம் அண்டு வாட்ச்'. 1989இல் அவருடைய குழுவிடமிருந்து வந்த கேம் பாயின் திரையில் 160க்கு 144 புள்ளிகள்தாம், பாசி படிந்த குளத்து நீரைப் போன்ற பச்சையில் நான்கே சாயல்கள், பின்னொளியும் கிடையாது.

அதே ஆண்டில் அட்டாரி லிங்க்ஸும், அடுத்த ஆண்டில் சேகா கேம் கியரும் வண்ணத் திரையோடு வந்தன. மூன்றையும் கடையில் அருகருகே வைத்திருந்தால் கேம் பாய் பக்கம் கை போயிருக்காது. ஆனால் கேம் கியர் ஆறு பேட்டரிகளை மூன்று முதல் ஐந்து மணி நேரத்துக்குள் குடித்துத் தீர்த்தது. கேம் பாயோ நான்கு பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. விளையாடுவது பிள்ளை என்றாலும் பேட்டரிக்குக் காசு தருபவர் அப்பா என்பதை யோகோய் அறிந்திருந்தார் போலும். கேம் பாயும் அதன் வண்ண வாரிசும் சேர்ந்து 11 கோடிக்கும் மேல் விற்றன. தீர்ந்துபோன பேட்டரியை மொட்டைமாடி வெயிலில் காயவைத்து இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்க்கும் வீட்டில் வளர்ந்தவனுக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை.

குறையே இல்லை என்று சொல்லவில்லை. உருவம் வேகமாக நகர்ந்தால் அதன் நிழல் வாலைப் போல் பின்னால் இழுபடும். இரவுப் பேருந்தில் விளையாட வேண்டுமானால் சாலையோர விளக்குகள் வந்துவந்து போகும் இடைவெளியை நம்பித்தான் விளையாட வேண்டும்.

கேள்வி: என் தாயாருக்கு 68 வயது. கோலம் போடுவதில் கைதேர்ந்தவர். துப்பாக்கியும் சண்டையும் இல்லாத ஒரு விளையாட்டை அவருக்குச் சொல்லுங்கள். – வாசகி, கும்பகோணம்

பதில்: டெட்ரிஸ். மேலிருந்து விழும் துண்டுகளைத் திருப்பி இடைவெளியில்லாமல் அடுக்க வேண்டும், ஒரு வரிசை நிறைந்தால் அது மறைந்துவிடும். வேறு எதையும் யோசிக்க வேண்டாம். மாஸ்கோவில் சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் பணியாற்றிய அலெக்சி பஜித்னோவ் 1984இல் இதை எழுதிய எலெக்ட்ரானிகா 60 என்னும் கணினியில் படம் வரையும் வசதியே இல்லாததால், அடைப்புக்குறிகளைச் சேர்த்துச் சேர்த்துத்தான் அவர் கட்டங்களை உண்டாக்கினார். நான்கு சதுரங்களைப் பக்கத்தோடு பக்கம் ஒட்டினால் கிடைக்கும் வடிவங்கள் ஏழு. விளையாட்டு முழுவதும் அந்த ஏழுதான். (உலகமே விளையாடிய இந்த விளையாட்டிலிருந்து அவருக்கு உரிமைத்தொகை வரத் தொடங்கியது 1996இல்தான்.) அடுத்த புள்ளியை வைக்கும்போதே கடைசி இழை எங்கே போய்ச் சேரும் என்று பார்க்கத் தெரிந்தவருக்கு, விழும் துண்டை எப்படித் திருப்பி எங்கே இறக்குவது என்பது அரை நாளில் பிடிபட்டுவிடும். ஓர் ஓரத்தை மட்டும் நீளக் குச்சிக்காகக் காலியாக விட்டுவைக்கும்படி சொல்லுங்கள். மற்றதை அவரே கண்டுபிடித்துக்கொள்வார்.

தொடுதிரையில் விரலை இழுத்து விளையாடும் வகைகள் எனக்குப் பிடிப்பதில்லை. விரல் ஒன்று நினைக்க, துண்டு வேறோர் இடத்தில் விழும். பொம்மைக் கடையில் டெட்ரிஸ் ஆடும் பழைய கையடக்கக் கருவியான பிரிக் கேம் கிடைத்தால் அதையே வாங்கிக் கொடுங்கள். மேலே '9999 இன் 1' என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மலைக்க வேண்டாம். உள்ளே இருப்பவை சில விளையாட்டுகளே, வேகத்தையும் ஸ்டேஜையும் மாற்றி மாற்றி எண்ணியிருப்பார்கள்.

கேள்வி: இணையம் இல்லாத காலத்திலும் கான்ட்ரா வீடியோ கேமில் 30 லைஃப் வாங்கும் ரகசியம் ஊர் ஊராகத் தெரிந்திருந்ததே, எப்படி? – வாசகர், திருநெல்வேலி

பதில்: முதலில் அது ரகசியமாகப் பிறக்கவே இல்லை. கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹஷிமோட்டோ, காசு போட்டு ஆடும் இயந்திரத்தில் இருந்த 'கிரேடியஸ்' என்னும் விளையாட்டை வீட்டுக் கருவிக்கு மாற்றும்போது, அதைச் சோதித்துப் பார்க்கும் அளவுக்குக்கூடத் தம்மால் ஆட முடியாததால், தம் வசதிக்காக, பொத்தான்களைக் குறிப்பிட்ட வரிசையில் அழுத்தும் ஒரு குறுக்குவழியைச் செருகினார். 1986இல் விளையாட்டு வெளிவந்தபோது அதுவும் உள்ளேயே தங்கிவிட்டது. அதே பொத்தான் வரிசைதான் 1988இல் கான்ட்ராவின் வீட்டுப் பதிப்பில் 30 லைஃப் தந்தது.

எனக்கு அதைக் கொண்டுவந்தவன் கோடை விடுமுறைக்கு வந்த அத்தை மகன். மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம் வரை சரியாகச் சொன்னவன் கடைசியில் 'பி, ஏ' என்பதை 'ஏ, பி' என்று மாற்றிச் சொல்லிவிட்டதால், ஒரு வாரம் முழுக்க அவனைப் பொய்யன் என்று ஏசிக்கொண்டிருந்தோம். இன்று ஏதாவதொரு குழுவில் கேட்டால் பத்து நொடியில் சரியான விடையும், கூடவே 'இதுகூடத் தெரியாதா' என்ற ஏளனமும் வந்து சேரும். அத்தை மகன் தவறாகச் சொன்னாலும் ஏளனம் செய்யவில்லை. ஆனால் அருவி ஸ்டேஜில் அவன் விறுவிறுவென்று மேலே ஏறித் திரையை நகர்த்திவிட்டு, கீழே நின்ற என் ஆளைச் சாகடித்ததை இன்னும் மன்னிக்கவில்லை.

கேள்வி: வீடியோ கேம் கேசட்டை ஊதிப் போட்டால் படம் வந்ததே, அதன் அறிவியல் என்ன? – வாசகர், சேலம்

பதில்: ஊதியதால் வரவில்லை, கழற்றி மறுபடி செருகியதால் வந்தது. வாயின் ஈரம் உள்ளே இருக்கும் உலோகப் பட்டைகளை அரிக்கத்தான் செய்யும். நானும் ஊதியவன்தான்.

கேள்வி: நோக்கியாவின் பாம்பு விளையாட்டில் உங்கள் வாக்கு முதலாவதற்கா, இரண்டாவதற்கா? – வாசகி, ஸ்ரீபெரும்புதூர்

பதில்: 2006 முதல் 2014 வரை நோக்கியா தொழிற்சாலை இயங்கிய ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் மகிழ்ச்சி. தனெலி அர்மான்டோ எழுதி, 1997இல் நோக்கியா 6110இல் வந்த முதல் பாம்புக்கே என் வாக்கு. 3310இல் வந்த இரண்டாவதில் பாம்பு ஒரு பக்கச் சுவருக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வரலாம். முதலாவதில் சுவரில் முட்டினால் ஆட்டம் முடிந்தது. திரை பாதி நிறைந்த பிறகு, வாலைச் சுருட்டி வைக்க இடம் தேடும் அந்தப் பதற்றம் இரண்டாவதில் எனக்குக் கிடைக்கவில்லை. இருந்தாலும் அதையும் விட்டுவைக்கவில்லை: என் 3310இல் 2, 4, 6, 8 ஆகிய நான்கு பொத்தான்களில் எண்ணே அழிந்துவிட்டது, நடுவிலுள்ள 5 மட்டும் வாங்கிய அன்று இருந்தபடியே இருக்கிறது.