மாடிப்படி முடியும் இடத்திலேயே அறைக் கதவு வைக்கலாமா?

மூன்று சென்ட் இடம். படிக்கட்டு முடியும் இடத்திலேயே கதவு வைத்தால் மாடி அறை இரண்டரை அடி பெரிதாகும், வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்காதீர்கள். "எல்லா வீட்டிலும் இப்படித்தான்" என்று கொத்தனார் சொல்லியிருப்பார். எங்கள் கொத்தனாரும் அதைத்தான் சொன்னார்.

பாளையங்கோட்டைக்கு வெளியே 2014-இல் வீடு கட்டினோம். தட்டட்டிக்கு, அதாவது மொட்டை மாடிக்கு, ஏறும் கடைசிப் படியிலேயே கதவு நிலை. இடையில் கால் ஊன்றி நிற்க ஓர் அடி தளம்கூடக் கிடையாது. கதவோ படிகளின் மேல், உட்பக்கமாகத் திறக்கும். வெளிப்பக்கம் திறந்தால் மழையில் நனைந்து மரம் உப்பிவிடும் என்றார் ஆசாரி. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஏறிப் போகிறவர் கதவைத் தன் பக்கம் இழுக்க ஒரு படி பின்னால் இறங்கியாக வேண்டும். எட்டு வருடம் அப்படித்தான் இறங்கி ஏறினோம்.

2022 ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பக்கத்து ஆடிக் காற்று தெரிந்ததுதான். கயத்தாறில் காற்றாலைகளைச் சுற்றவைக்கிற அதே மேல்காற்று. கதவும் மேற்கு பார்த்தது. அம்மா இடது கையில் பிழிந்த துணி வாளியுடன், வலது கையால் தாழ்ப்பாளை நீக்கினார். அவர் இழுப்பதற்கு முன்பே காற்று கதவைத் தள்ளிவிட்டது. நான் அடுக்களையிலிருந்து ஓடி வந்தபோது ஐந்து படிகளுக்குக் கீழே, படி திரும்பும் தளத்தில் கிடந்தார். ஈரச் சேலை ஒன்று காலைச் சுற்றியிருந்தது. தலைக்கு மேலே கதவு சுவரில் மோதி மோதித் திரும்பிக்கொண்டிருந்தது. வலது மணிக்கட்டு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டு.

பார்க்க வந்த சித்தி, "இந்த வயதில் வாளியோடு ஏறலாமா?" என்றார். துணி காயப்போடத்தானே தட்டட்டி? தாத்தா வீட்டு மச்சுப்படி இதைவிடச் செங்குத்து, யாரும் விழவில்லை என்றும் சிலர் சொல்வார்கள். அந்த மச்சில் நெல்லும் பித்தளைப் பாத்திரமும் இருந்தன. சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு நள்ளிரவில் கழிப்பறைக்கு எழுகிறவர் யாரும் அங்கே படுக்கவில்லை.

    

விதியையும் சொல்லிவிடுகிறேன். 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித் தொகுப்பு, வெளியேறும் வழிக் கதவுகளைப் பற்றிச் சொல்லும்போது, கதவு நேரே படிவரிசையின் மேல் திறக்கக் கூடாது. கதவின் அகலத்துக்குக் குறையாத தளம், அந்த மாடித் தரையின் அதே மட்டத்தில் வேண்டும். திறந்த கதவு படியையோ தளத்தையோ 90 சென்டிமீட்டருக்குக் கீழே குறுக்கக் கூடாது என்கிறது. அது பெரிய கட்டடங்களுக்கு என்று யாராவது வாதிடலாம். என் அம்மா விழுந்தது சிறிய வீட்டில்.

நிலையைப் பெயர்த்து, தட்டட்டிப் பக்கம் மூன்றரை அடி தளம் நீட்டி, மேலே கூரை போட்டு, வெளிப்பக்கம் திறக்கும் இரும்புக் கதவு மாட்டினோம். திறந்ததும் சுவரோடு பிடித்து நிறுத்த ஒரு கொக்கி. நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் ஆனது.

உங்களுக்கு இன்னும் செலவில்லை. படி முடிந்து மூன்றடி தளம் விடுங்கள். கதவு அறைக்குள்ளே திறக்கட்டும். மேலிருந்தும் கீழிருந்தும் போட்டு அணைக்கிற விளக்கு சுவிட்ச் வையுங்கள். படிக்கு அடியில் கழிப்பறை வருவதாக இருந்தால், அதன் கதவு முதல் படியில் கால் வைப்பவர்மேல் இடிக்காதபடி பாருங்கள். வரைபடத்தில் கதவு விரியும் வளைகோட்டைப் போடச் சொல்லுங்கள். எங்கள் படத்தில் அது இல்லவே இல்லை. மாடிக் கதவின் நிலையை நிறுத்துகிற நாளில் பக்கத்தில் நில்லுங்கள். வாசல் நிலைக்கு நாள் பார்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து, எல்லோரும் கூடி நின்றோம். தட்டட்டி நிலை வைத்த அன்று நான் வேலைக்குப் போய்விட்டேன்.