பதினான்கு குறைகள்

கேள்வி: மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. நான் எழுதும் எந்த கோட் ஆனாலும் இன்னொருவர் ரிவ்யூ செய்த பிறகே சேர்க்கிறார்கள். போன வாரம் 14 குறைகள் சொன்னார்கள். வேலைக்கு ஆபத்தா? இதை வைத்து என்னதான் செய்கிறார்கள்?

பதில்: 14 தானே! என் முதல் ரிவ்யூவில் 22. வட்டி கணக்கிடும் ஒரு சின்னத் துண்டு அது. இருபது கமென்ட் பெயர்களைப் பற்றியும் இடைவெளிகளைப் பற்றியும்தான். ஒன்று, நான் மறந்துபோய் விட்டுவைத்த சோதனை வரி. மிச்சமிருந்த ஒன்றில் சீனியர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "பிப்ரவரி 29?" வருடத்துக்கு எப்போதும் 365 நாள் என்று நான் எழுதி வைத்திருந்தேன். மற்ற 21 கமென்டையும் சேர்த்தாலும் அந்த ஒரு கேள்விக்கு ஈடாகாது.

இந்த வழக்கம் பழையது. ஐபிஎம்மில் இருந்த மைக்கேல் ஃபேகன் 1976-இல் இதை ஒரு முறையாக எழுதி வெளியிட்டார். நான்கு பேர் உட்கார்ந்து வரிவரியாகப் படிப்பார்கள். 2 மணி நேரத்துக்கு மேல் கூடாது. பிழையைக் குறித்துக்கொள்வதோடு சரி, அங்கேயே திருத்த உட்காரக் கூடாது. இன்று பெரும்பாலும் யாரும் அறையில் கூடுவதில்லை. 'இந்த மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று புல் ரிக்வெஸ்ட் அனுப்புகிறோம், ஒருவரோ இருவரோ பார்த்து அப்ரூவ் செய்கிறார்கள்.

பார்ப்பார்கள் என்பது பேச்சுக்குத்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் 1,800 வரி வந்தால் யார் படிப்பது? நானே நாலு நிமிடத்தில் 'சரி, போகலாம்' என்று தட்டி அனுப்பியிருக்கிறேன். திங்கட்கிழமை அதைக் கழற்றி வெளியே எடுத்ததும் நானேதான். அதே ஆட்களிடம் 30 வரி கொடுத்துப் பாருங்கள், கமாவைக்கூட விட மாட்டார்கள். அதனால் மாற்றங்களைச் சின்னச் சின்னதாக அனுப்புங்கள்.

இனி உங்கள் பயம். இந்தப் பிழை எண்ணிக்கையை அப்ரைசலுக்கு, அதாவது ஆளின் வேலையை மதிப்பிடுவதற்கு, எடுக்கவே கூடாது என்று ஃபேகன் அன்றே சொல்லிவிட்டார். எடுத்தால் என்ன ஆகும் என்று ஓர் அலுவலகத்தில் பார்த்தேன். மேனேஜர் ஆளுக்கு எத்தனை பிழை என்று பட்டியல் போட்டார். அப்புறம் யாரும் யாருக்கும் எதுவும் எழுதவில்லை. தனியாகக் கூப்பிட்டுக் காதில் சொல்லிவிட்டுப் போனார்கள். பட்டியல் சுத்தமாக இருந்தது, பிழைகள் மட்டும் வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்தன.

உங்கள் 14-இல் 'பிப்ரவரி 29' மாதிரி எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். மீதியைப் பத்து நிமிடத்தில் திருத்திவிடலாம்.