டெக்னிகலர் ராணி: கடற்கரை வாசகர்கள் கேட்டவை

சென்ற இதழில் அயர்லாந்து நடிகை மொரீன் ஓஹாராவைப் பற்றி அரைப் பக்கக் குறிப்பு ஒன்று வெளியிட்டிருந்தோம். ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

*மொரீன் ஓஹாரா என்பது சொந்தப் பெயர்தானா? சினிமாவுக்கு எப்படி வந்தார்?*
– கல்லூரி மாணவி, கீழக்கரை

பாதிதான் சொந்தம். 1920 ஆகஸ்ட் 17 அன்று டப்ளின் நகரில் பிறந்தபோது வைத்த பெயர் மொரீன் ஃபிட்ஸைமன்ஸ். ஆறு பிள்ளைகளில் இரண்டாமவர். அம்மா பாடகி. அப்பா துணி வியாபாரி, ஷாம்ராக் ரோவர்ஸ் கால்பந்துக் கழகத்தில் பங்கும் வைத்திருந்தவர். மொரீன் பதின்ம வயதிலேயே டப்ளினின் ஆபி தியேட்டரில் சேர்ந்துவிட்டார். பிறகு லண்டனில் எடுத்த சோதனைப் படத்தில், முகம் முழுக்கப் பூச்சும் அப்பி, பொருந்தாத பளபள உடையும் மாட்டிவிட்டிருந்தார்கள். அதைப் போட்டுப் பார்த்த நடிகர் சார்லஸ் லாட்டனுக்கு அந்தக் கண்கள் மட்டும் மறக்கவில்லை. அவரும் தயாரிப்பாளர் எரிக் பொம்மரும் நடத்திய மேஃப்ளவர் பிக்சர்ஸ் ஏழு வருட ஒப்பந்தம் போட்டது. ஃபிட்ஸைமன்ஸ் என்ற பெயர் தியேட்டர் முகப்புப் பலகைக்கு நீளம் என்று ஓஹாராவாக்கியதும் லாட்டன்தான். 1939-ல் ஹிட்ச்காக்கின் ‘ஜமைக்கா இன்’, அதே வருடம் ஹாலிவுட்டில் ‘தி ஹன்ச்பேக் ஆஃப் நாட்ரடாம்’. உலகப் போர் தொடங்கியதும் ஒப்பந்தத்தை அப்படியே ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவுக்கு விற்றுவிட்டார்கள். அந்தக் காலத்து ஸ்டுடியோ முறையில் நடிகையும் கைமாறும் சரக்குதான்.

*அவரை ‘டெக்னிகலர் ராணி’ என்கிறார்களே, அழகாக இருந்தார் என்பதற்கு மேல் அதில் ஏதாவது உண்டா?*
– புகைப்படக் கலைஞர், ராமநாதபுரம்

உண்டு. நீங்கள் கேமரா பிடிப்பவர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

டெக்னிகலர் என்பது அந்தக் காலத்து வண்ணப்பட முறை. அன்றைய டெக்னிகலர் கேமராவில் ஓடியது கலர் ஃபிலிம் அல்ல. ஒரே நேரத்தில் மூன்று கறுப்பு-வெள்ளை நெகட்டிவ்கள் ஓடின. லென்ஸுக்குப் பின்னால் இருந்த பட்டகம் ஒளியை இரண்டாகப் பிரித்தது. ஒரு பங்கு பச்சைக்கான நெகட்டிவுக்கு நேராகப் போகும். மற்றது முகத்தோடு முகம் ஒட்டி ஓடும் இரண்டு நெகட்டிவ்களுக்குப் போய், முன்னதில் நீலமும் பின்னதில் சிவப்பும் பதியும். இப்படி ஒளியைக் கூறுபோட்டால் எந்த நெகட்டிவுக்கும் போதாது. அதனால் செட்டில் கார்பன் ஆர்க் விளக்குகளைக் குவித்தார்கள். 1939 வாக்கில் வேகமான ஃபிலிம் வந்தபின் தேவை குறைந்தாலும், கறுப்பு-வெள்ளைப் படத்தோடு ஒப்பிட்டால் வெக்கை வெக்கைதான். கேமராவை விலைக்குக் கொடுக்கவும் மாட்டார்கள். டெக்னிகலர் கம்பெனியிடம் வாடகைக்கு எடுக்க வேண்டும், கூடவே அவர்களுடைய ஆளும் வண்ண ஆலோசகரும் வந்து உட்கார்வார்கள்.

பிரின்ட் போடுவது அச்சக வேலை மாதிரி. மூன்று நெகட்டிவிலிருந்தும் ஜெலட்டின் மேடு-பள்ளங்கள் கொண்ட மூன்று அச்சுச் சுருள்கள் எடுத்து, மஞ்சள், மெஜன்டா (கருஞ்சிவப்பு), சயான் (நீலப்பச்சை) சாயங்களில் ஒவ்வொன்றையும் தோய்த்து, வெற்றுச் சுருள் மேல் ஒன்றன்பின் ஒன்றாக ஒற்றுவார்கள். மூன்றில் ஒன்று இம்மியளவு சுருங்கினாலும் உருவத்தின் விளிம்பில் சிவப்போ பச்சையோ கரை கட்டும். பழைய படங்களைச் சீர்செய்பவர்களுக்கு இன்றைக்கும் பெரிய தலைவலி இது.

இனி ஓஹாராவுக்கு வருவோம். செம்பட்டைக் கூந்தல், வெளுத்த தோல், பச்சை கலந்த கண்கள். மூன்று நெகட்டிவுக்கும் தனித்தனியே தீனி போடும் முகம். 1942-ல் அவர் நடித்து வந்த கடற்கொள்ளையர் படம் ‘தி பிளாக் ஸ்வான்’ வண்ண ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர் வாங்கியது. ஆனால் அந்த ‘ராணி’ பட்டம் அவருக்கு நல்லது செய்ததா என்பது வேறு விஷயம். தயாரிப்பாளர்கள் வண்ணத்துக்காகவே அவரைக் கூப்பிட்டார்கள், நடிப்பை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. அவருடைய மிக நல்ல நடிப்புகளில் ஒன்று கறுப்பு-வெள்ளையில்தான் இருக்கிறது: இயக்குநர் ஜான் ஃபோர்டின் ‘ஹவ் கிரீன் வாஸ் மை வேலி’ (1941). வேல்ஸ் நாட்டுச் சுரங்க ஊர்க் கதை. அங்கேயே போய் வண்ணத்தில் எடுப்பதாகத்தான் திட்டம். போர் குறுக்கிட்டதால் கலிஃபோர்னிய மலையில் செட் போட்டார்கள். அந்த மண்ணின் செடி கொடி நிறம் வேல்ஸோடு ஒட்டாது என்று வண்ணத்தைக் கைவிட்டார்கள். சிறந்த படம் உட்பட ஐந்து ஆஸ்கர்.

*கடற்கொள்ளையர் படங்களில் கப்பல் சண்டை வரும்போது கடல் பொய் என்று எங்களுக்கு உடனே தெரிந்துவிடுகிறது. எதனால்?*
– நாட்டுப்படகு மீனவர், பாம்பன்

வடகடலும் தென்கடலும் பார்த்த கண்ணை ஏமாற்ற முடியுமா! அந்தப் படங்களில் நடிகர்கள் நிற்கும் மேல்தளம் ஸ்டுடியோவுக்குள் முழு அளவில் கட்டியது. பின்னால் திரையில் கடல் ஓடும். தூரத்துக் கப்பல்கள் பெரும்பாலும் தொட்டியில் மிதக்கும் மாதிரிகள்.

மாதிரிக் கப்பலைச் சாதாரண வேகத்தில் எடுத்தால் அலை துள்ளித் துள்ளி, குளியல் தொட்டி போலத் தெரியும். சிறிய உயரத்திலிருந்து தண்ணீர் சீக்கிரம் விழுந்துவிடுவதுதான் காரணம். அதைச் சரிக்கட்ட ஒரு கணக்கு உண்டு. கப்பலை எத்தனை மடங்கு சிறிதாக்கினீர்களோ, அதன் வர்க்கமூலம் அளவுக்கு கேமராவை வேகமாக ஓட்ட வேண்டும். 16-ல் ஒரு பங்கு மாதிரி என்றால் 4 மடங்கு: நொடிக்கு 24 கட்டத்துக்குப் (ஃபிரேம்) பதில் 96 கட்டம். திரையில் 24-ஆக ஓட்டும்போது அலை கனத்து மெதுவாகப் புரளும்.

இதற்குப் பிறகும் மாட்டிக்கொடுப்பது துளி. கப்பலைச் சுருக்கலாம், தண்ணீர்த் துளியைச் சுருக்க முடியாது. அணியத்தில் (கப்பலின் முன்முனையில்) மோதித் தெறிக்கும் துளி, அந்த அளவுப்படி பார்த்தால் பானை அளவு ஆகிவிடும். கரையில் நுரை பொடிப்பொடியாகப் பறப்பதைத் தினமும் பார்ப்பவருக்கு இது உறுத்தத்தான் செய்யும். பாயையும் கவனியுங்கள்: காற்று ஒரு பக்கம், கொடி பறப்பது இன்னொரு பக்கம். கச்சான் காற்றும் வாடைக் காற்றும் ஒரே நேரத்தில் அடிக்கிற கடல் ஹாலிவுட்டில் மட்டும்தான் உண்டு.

ஆனால் ஓஹாராவின் வாள் சண்டை அப்படிப் பொய்யில்லை. வாள்வீச்சை முறையாகக் கற்று, அபாயக் காட்சிகள் பலவற்றில் தானே நடித்தார்.

*முதலில் எந்தப் படம் பார்க்கலாம்?*
– ஆசிரியை, மண்டபம்

‘தி கொயட் மேன்’ (1952). ஃபோர்டு இயக்கத்தில் நடிகர் ஜான் வெய்னோடு ஓஹாரா நடித்தது. அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் காங் என்ற சிற்றூரிலும் சுற்றுப்புறத்திலும் எடுத்தது, உட்புறக் காட்சிகள் ஹாலிவுட்டில். ரிபப்ளிக் ஸ்டுடியோ முதலாளி ஹெர்பர்ட் யேட்ஸுக்கு இந்தக் கதையில் நம்பிக்கை இல்லை. அதே ஆட்களை வைத்து முதலில் ஒரு குதிரைப்படைப் படம் எடுத்துக் கொடுங்கள் என்றார். அப்படி வந்தது ‘ரியோ கிராண்டே’ (1950), ஜான் வெய்னும் ஓஹாராவும் சேர்ந்த ஐந்து படங்களில் முதலாவது. ‘தி கொயட் மேன்’ ஃபோர்டுக்கு நான்காவது இயக்குநர் ஆஸ்கரைத் தந்தது. வெய்னை ஓஹாரா அறையப் போகும் காட்சியில் வெய்ன் கையால் தடுக்க, ஓஹாராவின் கை எலும்பில் விரிசல். சீதனத்துக்காக அவர் மல்லுக்கட்டுவதை நம் ஊர்க் கண்ணோடு பார்த்துத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் கேட்பது பணத்தை அல்ல, தன் பாத்தியதையை. வண்ணத்தைத் தாண்டி நடிகையைப் பார்க்க இந்தப் படம் போதும்.

குழந்தைகளோடு பார்க்க ‘மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்’ (1947).

*ஆஸ்கர் வாங்கினாரா?*
– வாசகர், தேவிபட்டினம்

போட்டியில் ஒருமுறைகூடப் பரிந்துரை இல்லை. 2014-ல், 94 வயதில், கௌரவ ஆஸ்கர். மறு வருடம் அக்டோபர் 24 அன்று காலமானார்.

*விமான கம்பெனி நடத்தினாராமே?*
– வாசகி, ராமேஸ்வரம்

மூன்றாவது கணவர் சார்லஸ் பிளேர் விமானி. 1951-ல் ஒற்றை என்ஜின் விமானத்தில் தனியாக வட துருவத்தைக் கடந்தவர். கரீபியன் தீவுகளுக்கிடையே ‘ஆன்டிலீஸ் ஏர் போட்ஸ்’ என்ற கடல் விமான கம்பெனியை நடத்தினார். க்ரம்மன் கூஸ் என்ற இரட்டை என்ஜின் விமானம், அடிப்பகுதி படகு வடிவம். தண்ணீரில் இறங்கி, சக்கரத்தை விரித்துச் சாய்தளம் வழியாகக் கரையேறும். சக்கரம் விரிந்த நிலையில் தண்ணீரில் இறங்கினால் மூக்கு குத்திக் கவிழும். கண்ணாடி போலக் கடல் அசையாமல் கிடக்கும் நாளும் ஆபத்துதான், உயரம் பிடிபடாது. உப்பு அரிக்காமல் இருக்க நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். 1978-ல் பிளேர் ஓட்டிய கூஸ் என்ஜின் பழுதாகி விழுந்து அவர் இறந்தார். அதன்பின் கம்பெனியின் தலைவராக ஓஹாரா பொறுப்பேற்றார். அமெரிக்காவில் அட்டவணைப்படி பறக்கும் விமான நிறுவனத்துக்குத் தலைவரான முதல் பெண் என்று அவரைச் சொல்வார்கள்.

*டூரிங் டாக்கீஸ் நடத்திய மாமா விட்டுப்போன பெட்டியில் 16 மி.மீ. சுருள்கள் இருக்கின்றன. ஒன்று ஓஹாரா நடித்த கடற்கொள்ளையர் படம். திறந்தால் காடி வாடை. படமெல்லாம் சிவந்து கிடக்கிறது. காப்பாற்ற முடியுமா?*
– வாசகர், தொண்டி

வாடையும் சிவப்பும் இரண்டு தனி நோய்கள். சிவந்தது சயான் சாயம் வெளுத்ததால். மூன்று சாயமும் ஒரே கலர் ஃபிலிமில் அமைந்த ஈஸ்ட்மென் வகைப் பிரின்ட்டுகளுக்கு வருவது இது. மேலே சொன்ன டெக்னிகலர் சாய அச்சு இவ்வளவு சீக்கிரம் மங்காது, ஆகவே உங்களிடம் இருப்பது பிறகு போட்ட பிரின்ட்டாக இருக்கலாம். வெளுத்த சாயம் திரும்பாது. ஸ்கேன் செய்து கணினியில் ஓரளவு நிறம் கூட்டலாம்.

வாடைதான் அவசரம். அசிடேட் ஃபிலிம் வெக்கையிலும் ஈரத்திலும் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளியாகிறது. அந்த அமிலமே சிதைவை மேலும் முடுக்கும். காற்றுப் புகாத தகர டப்பாவில் அடைத்துவைத்தால் உள்ளேயே வெந்துவிடும். வாடை அடிக்கும் சுருளை இன்றே மற்றவற்றிலிருந்து பிரித்து வேறு அறையில் வையுங்கள். உப்புக் காற்றில் துருப்பிடித்த டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு, காற்றோட்டத் துளையுள்ள பாலிபுரொப்பிலீன் டப்பாவுக்கு மாற்றுங்கள். ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கடற்கரையில் ஏ.சி. இல்லாமல் அது நடக்காது. கடலிலிருந்து தள்ளி, உறவினர் வீட்டுக் குளிர்ந்த அறை கிடைத்தால் அங்கே அனுப்புங்கள்.

புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்கும் ஆசை வேண்டாம். முதலில் சுருக்கத்தை அளந்துவிடுங்கள். புதிய 16 மி.மீ. ஃபிலிமில் 100 கட்டம் எண்ணி, பழையதை அதன் மேல் வைத்துப் பாருங்கள். ஒரு கட்டம் குறைந்தால் 1 சதவீதச் சுருக்கம். அதற்கு மேல் போனால் பல்சக்கரம் துளைகளைக் கிழித்துவிடும். பெட்டியில் 35 மி.மீ. ஏதாவது கிடந்தால் ஓரத்தில் அச்சிட்ட எழுத்தைப் பாருங்கள். ‘சேஃப்டி’ என்று இல்லாமல் ‘நைட்ரேட்’ என்றிருந்தால் அது சட்டெனத் தீப்பிடிக்கும் சரக்கு. வீட்டில் வைக்காதீர்கள், தபாலிலும் பஸ்ஸிலும் அனுப்பாதீர்கள். புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு முதலில் எழுதி, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.