படப்பிடிப்புத் தளத்தில் அம்மாவுக்கு ஒரு நாற்காலி

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. பள்ளி ஆண்டு விழாவில் அவள் ஆடியதைப் பார்த்த ஒருவர், தொலைக்காட்சி நடனப் போட்டியில் சேர்த்துவிடுவதாகக் கூறி, புகைப்பட ஆல்பத்துக்கும் பதிவுக்கும் சேர்த்து முப்பதாயிரம் ரூபாய் கேட்கிறார். படப்பிடிப்பு அரங்குக்குள் பெற்றோருக்கு அனுமதி இல்லை என்றும் சொல்கிறார். மகளோ போயே ஆக வேண்டும் என்று அழுகிறாள். என்ன செய்யலாம்?
– வாசகி, குடியாத்தம்

பதில்: முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நடிப்பதும் ஆடுவதும் வேலை. வேலை செய்பவருக்குத்தான் கூலி தருவார்கள், வேலை செய்பவரிடம் யாரும் கூலி கேட்பதில்லை. முப்பதாயிரம் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். உண்மையிலேயே தேர்வு நடக்கிறது என்றால், அந்தத் தொலைக்காட்சி நிறுவனத்தையே நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அரங்குக்குள் அனுமதி இல்லை என்பதுதான் எனக்கு அதைவிடக் கவலை தருகிறது. பல ஆண்டுகளுக்கு முன்பு என் தங்கை மகனை ஒரு பிஸ்கட் விளம்பரத்துக்காகச் சென்னைக்கு அழைத்துச் சென்றேன். விடியற்காலையில் காட்பாடியில் ரயில் ஏறினோம். அவன் முறை வந்தபோது மாலை நான்கு மணி. பிஸ்கட்டைக் கடித்துச் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான். விளக்கு சரியில்லை, சிரிப்பு சரியில்லை என்று திரும்பத் திரும்ப எடுத்ததில், பதினைந்தாவது முறையோ பதினாறாவது முறையோ பையன் வாந்தி எடுத்துவிட்டான். முகத்தைத் துடைத்து, பவுடர் போட்டு, மறுபடியும் நிற்க வைத்தார்கள். கொண்டுபோன தயிர்சாதம் டப்பாவிலேயே புளித்துக் கிடந்தது. அங்கிருந்தவர்களை நான் குறை சொல்லப் போவதில்லை, ஏனென்றால் ‘போதும், நிறுத்துங்கள்’ என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான். கிடைத்த வாய்ப்பு கைநழுவிப் போய்விடுமோ என்று வாயை மூடிக்கொண்டு ஓரமாக நின்றிருந்தேன்.

அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்காகத்தான் பெற்றோர் அங்கே இருக்க வேண்டும். ஆகவே, மகள் கண்ணுக்கு நீங்களும் உங்கள் கண்ணுக்கு மகளும் தெரியும்படி ஒரு நாற்காலி போட்டால் வருகிறோம், இல்லையென்றால் வரவில்லை என்று எழுத்தில் கேளுங்கள். உடை மாற்றும் அறைக்கும் தங்கும் விடுதிக்கும் அவளைத் தனியாக அனுப்பாதீர்கள். யாராவது அவளிடம் தனியாகக் கைப்பேசி எண் கேட்டால், அன்றைக்கே காரணம் கேளுங்கள்.

இனி சட்டம். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோது, 14 வயது நிறையாத குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்ற பொதுத் தடையிலிருந்து திரைப்படம், தொலைக்காட்சி, விளம்பரம் ஆகியவற்றுக்கு விலக்கு அளித்தார்கள். சர்க்கஸுக்கு அந்த விலக்கு இல்லை. விலக்கு கொடுத்த கையோடு 2017ஆம் ஆண்டு விதிகளில் கட்டுப்பாடுகளும் வந்தன. ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது; ஓய்வு இல்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது; தொடர்ச்சியாக 27 நாட்களுக்கு மேல் கூடாது; பள்ளிப் பாடம் விட்டுப்போகாமல் ஏற்பாடு செய்ய வேண்டும்; ஐந்து குழந்தைகளுக்கு ஒருவராவது பொறுப்பாளராக இருக்க வேண்டும். குழந்தையின் விருப்பத்துக்கு மாறாக எதையும் செய்ய வைக்கக் கூடாது என்பதும் விதிதான். அனுமதிக்காக நீங்கள் வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள நம் ஆட்சியர் அலுவலகத்துக்கு அலைய வேண்டியதில்லை. படப்பிடிப்பு எந்த மாவட்டத்தில் நடக்கிறதோ, அந்த மாவட்ட ஆட்சியரிடம் தயாரிப்பாளரே உறுதிமொழி கொடுத்து அனுமதி பெற வேண்டும். அந்தக் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ‘அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று பதில் வந்தால், அனுமதி இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: என் பேத்தி விளம்பரங்களில் நடிக்கிறாள். அவள் சம்பாத்தியத்தில் என் மகன் வீடு கட்டுகிறான். கேட்டால், ‘அவளுக்காகத்தானே கட்டுகிறேன்’ என்கிறான். நான் தலையிடலாமா?
– வாசகர், ஆற்காடு

பதில்: தாராளமாகத் தலையிடுங்கள் ஐயா. பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்ற ஒரு கேள்வியைக் கேட்டாலே பாதி தெளிந்துவிடும். குழந்தையின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தை அவள் பெயரிலேயே தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாக நேரடியாகச் செலுத்த வேண்டும், 18 வயது நிறைந்த பிறகு அது அவளுக்குச் சேர வேண்டும் என்று மேலே சொன்ன அதே விதிகள் கூறுகின்றன. அந்த ரசீதை மகனிடம் கேளுங்கள். இருபது என்பது குறைந்த அளவுதான்; மீதி எண்பதையும் அப்பா செலவழிக்கலாம் என்று அதற்குப் பொருள் கொள்வது, என் பார்வையில், பேராசை.

இந்த வழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. 1921இல் சாப்ளினுடன் சிறுவனாக நடித்து உலகப் புகழ் பெற்ற ஜாக்கி கூகன், பல லட்சம் டாலர் சம்பாதித்தார். வளர்ந்த பிறகு பார்த்தால் கையில் ஏதும் இல்லை. 1938இல் தன் தாய் மீதும் மாற்றாந்தந்தை மீதும் வழக்குத் தொடுத்து, ஏறத்தாழ 1,26,000 டாலர் மட்டுமே பெற முடிந்தது. அதன் விளைவாகத்தான் 1939இல் கலிபோர்னியாவில் குழந்தை நடிகர்களின் வருமானத்தைக் காக்கும் சட்டம் வந்தது. வீட்டுக்குள்ளேயே தாத்தா பேசி முடித்துவிட்டால், உங்கள் பேத்திக்கு அந்த அலைச்சல் இருக்காது.

கேள்வி: என் வகுப்பு மாணவன் ஒருவன் திருவிழாக் காலங்களில் நடனக் குழுவோடு இரவெல்லாம் ஊர் ஊராகப் போகிறான்; காலையில் பெஞ்சிலேயே தூங்குகிறான். நம் பக்கத்துக் கூத்துக் குடும்பங்களிலும் பிள்ளைகள் மேடை ஏறுவது உண்டுதானே என்று அவன் தந்தை கேட்கிறார்.
– ஆசிரியை, ஆம்பூர்

பதில்: உண்டு, மறுக்கவில்லை. விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தில் சிறுபிள்ளை ஒரு வேடத்துக்கு வந்து ஆடிவிட்டு, ஒப்பனைத் துணியைச் சுருட்டித் தலைக்கு வைத்துத் திரைக்குப் பின்னால் தூங்கியதை நானே பார்த்திருக்கிறேன். அவனை எழுப்பாதீர்கள் என்று சொல்ல அவன் அப்பா அங்கேயே இருந்தார். உங்கள் மாணவன் வேனில் ஏறும்போது அவனுடன் யார் ஏறுகிறார், எத்தனை மணிக்குத் திரும்புகிறான், பணம் யார் கைக்குப் போகிறது என்று அந்தத் தந்தையிடம் ஒருமுறை பொறுமையாகக் கேளுங்கள். பதில் சரியாக இல்லையென்றால் தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழையுங்கள். அதுவரை, முதல் பாடவேளையில் அவன் தூங்கினால் எழுப்ப வேண்டாம்.