மழைக்காலமும் கரப்பான் ஸ்ப்ரேயும்: மும்பை வாசகர்களுக்குச் சில பதில்கள்

மழை பிடித்துவிட்டால் எனக்கு வருகிற கேள்விகளில் பாதி கரப்பான், கொசு, ஸ்ப்ரே இவற்றைப் பற்றித்தான். ஜன்னலைத் திறந்தால் சாரல், மூடினால் மருந்து வாடை. இந்த வாரம் வந்தவற்றில் சில.

தாராவியிலிருந்து ஒரு தம்பி: ஒரே ரூம்தான் டாக்டர், சமையல், படுக்கை எல்லாம் அதிலேயே. ராத்திரி கரப்பானுக்கு அடித்துவிட்டுப் படுக்கிறோம். காலையில் தலைவலி, தொண்டை எரிச்சல். இது கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் சேர்ந்து ஆளைக் கொன்றுவிடுமா?

அந்தப் பயம் வேண்டாம் தம்பி. டப்பாவின் பின்பக்கம் பாருங்கள், பெரும்பாலும் சைபர்மெத்ரின், இமிப்ரோத்ரின் என்று போட்டிருக்கும். இவை பைரித்ராய்டு வகை. பூச்சியின் நரம்பை முடக்கிவிடும், ஆனால் உள்ளே போகிற சிறிய அளவை நம் கல்லீரல் உடைத்து, சில நாட்களில் சிறுநீரோடு வெளியே தள்ளிவிடும். தலைவலிக்கு மருந்தோடு சேர்ந்து, அதைக் கரைத்து வைத்திருக்கும் மண்ணெண்ணெய் மாதிரியான எண்ணெயும் காரணம். கதவைச் சாத்திய சின்ன ரூமில் ராத்திரி முழுக்க அதையே இழுத்துக்கொண்டு படுத்திருந்தால் யாருக்கும் தலை வலிக்கத்தான் செய்யும். ராத்திரி அடித்துவிட்டுப் படுப்பதை இன்றைக்கே நிறுத்துங்கள். எல்லாரும் வெளியே கிளம்பும் நேரத்தில், பாத்திரம் பண்டம், குடிதண்ணீர் எல்லாவற்றையும் மூடிவிட்டு அடியுங்கள், திரும்பி வந்ததும் கதவு ஜன்னலை நன்றாகத் திறந்து வைத்து, தரையைத் துடைத்த பிறகு பாயை விரியுங்கள். இன்னொன்று, டப்பாவுக்குள் மருந்தைத் தள்ளுகிற வாயு பெரும்பாலும் சிலிண்டரில் இருக்கும் அதே சமையல் கேஸ்தான். அடுப்போ சாமி விளக்கோ எரியும்போது தயவுசெய்து அடிக்கவே அடிக்காதீர்கள். என்னைக் கேட்டால், ஒரே ரூம் வீட்டுக்கு ஸ்ப்ரேயைவிட ஜெல்தான் நல்லது. சிங்க் அடியில், அலமாரி மூலைகளில் பொட்டுப் பொட்டாக, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்தால் போதும், காற்றில் ஒன்றும் பரவாது.

செம்பூர் வாசகி: மூன்று வயதுப் பையனுக்கு வீசிங் உண்டு. கரப்பானும் நிறைய. அடிக்கலாமா, கூடாதா?

அவன் இருக்கும்போது கூடவே கூடாது. ஸ்ப்ரே வாடையே அவனுக்கு வீசிங்கைக் கிளப்பிவிடும். அதற்காகக் கரப்பானை விட்டுவைக்கவும் முடியாது, அதன் எச்சமும் உதிர்ந்த தோலும்கூட ஆஸ்துமாவைத் தூண்டும். அதனால் ஜெல், ராத்திரியே குப்பையை வெளியேற்றுவது, சிங்க்கைக் காய விடுவது. வெயில் படாத வீட்டுக்குள் இந்த மருந்து தரைத் தூசியில் வாரக்கணக்கில் ஒட்டியிருக்கும், பையன் விளையாடுவதோ அதே தரையில். தினமும் ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள்.

மாட்டுங்காவிலிருந்து: பரணில் அடித்தபோது முகத்தில் பட்டுவிட்டது. அரிப்பு இல்லை, ஊசி குத்துவது போலச் சுறுசுறுவென்று இருக்கிறது.

மருந்து தோல் நரம்பைச் சீண்டுவதால் வருவது, பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். சோப்புப் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீரும் வெயிலும் எரிச்சலைக் கூட்டும். கண்ணில் பட்டிருந்தால் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

முலுண்ட்: வீட்டில் மீன் தொட்டி, ஒரு பூனை.

மீனுக்குப் பைரித்ராய்டு துளி போதும், செத்துவிடும். அடிக்கும்போது தொட்டியை மூடி, காற்று பம்பையும் நிறுத்துங்கள். பூனையின் கல்லீரலால் நம்முடையதைப் போல இதை உடைக்க முடியாது. ஈரம் நன்றாகக் காய்ந்து, வாடை போகும்வரை அதை உள்ளே விடாதீர்கள்.

ஆன்டாப் ஹில்லிலிருந்து ஒரு பாட்டி: பேரன் தவறிப்போய்க் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம் அம்மா. வாந்தி எடுக்கும்போது அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால், மருந்தைவிட அது பெரிய ஆபத்து, நிமோனியா வரை கொண்டுபோய்விடும். வாயைத் துடைத்துவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். சில டப்பாக்களில் ப்ரோபாக்ஸர் என்ற வேறு வகை மருந்து இருக்கும், அதற்குச் சிகிச்சையே வேறு, பெயரைப் பார்த்தால்தான் டாக்டருக்குத் தெரியும். டில்லி எய்ம்ஸில் இருக்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்துக்கு 1800 116 117 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். இந்த எண்ணை இப்போதே ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள்.