டேவிட் ஜேசன்: உங்கள் மகன் சொன்னது பாதிக் கதைதான்

வணக்கம் அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த கையோடு உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள் என்பது எழுத்திலேயே தெரிகிறது. மகன் இங்கே பிரிட்டனில் ஏ-லெவலில், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பில், கணக்கு, இயற்பியல், நாடகம் படிக்கிறான். இன்ஜினியரிங்தான் என்று எல்லாரும் முடிவு கட்டியிருந்த நேரத்தில், ராத்திரிச் சாப்பாட்டின்போது இந்த நாட்டின் பெரிய டிவி நகைச்சுவை நடிகர் ஒருவரைக் காட்டி, "டேவிட் ஜேசன் எலக்ட்ரீஷியனா இருந்தவர்தான். அதை விட்டுட்டு நடிக்கப் போனார். இன்னைக்கு சர் பட்டம்" என்று சொல்லிவிட்டான். உங்கள் கணவர் சும்மா இருப்பாரா, "மிஸ்டர் பீன் இன்ஜினியரிங் படிச்சவர், அது தெரியுமா உனக்கு?" என்றிருக்கிறார். அப்புறம் மூன்று நாள் வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை.

அப்பாவும் பிள்ளையும் சொன்னது இரண்டுமே உண்மை. ஆனால் ஆளுக்குப் பாதியோடு நிறுத்திக்கொண்டார்கள். மீதியைச் சொல்கிறேன். இதை மகனும் படிக்கட்டும்.

டேவிட் ஜேசன் 1940 பிப்ரவரியில் வடக்கு லண்டனில் பிறந்தவர். அப்பா பில்லிங்ஸ்கேட் மீன் சந்தையில் சுமை தூக்கினார். அம்மா வீட்டு வேலை செய்தார். நாடகம் பள்ளிக்கூடத்தில் தற்செயலாக வந்தது. நடிக்க வேண்டிய பையனுக்கு அம்மை போட்டுவிட, கடைசி நேரத்தில் இவரை மேடையில் ஏற்றினார்கள். 15 வயதில் படிப்பை விட்டார். எலக்ட்ரீஷியன் வேலை பழகினார், பிறகு நண்பரோடு சேர்ந்து சின்னதாகச் சொந்தமாகவே வேலை எடுத்துச் செய்தார். பகலில் வயரிங், சாயங்காலம் அமெச்சூர் நாடகக் குழு. இப்படியே கிட்டத்தட்ட 10 வருடம்.

உங்கள் மகன் தாண்டிப் போன இடம் இந்த 10 வருடம்தான். "அதை விட்டுட்டு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். அவர் ஒரு நாள் காலையில் எழுந்து வேலையை உதறிவிட்டுப் போகவில்லை. சம்பளமில்லாத மேடையில் வருடக்கணக்கில் நடித்தார். 1965இல் பிராம்லியில் ஒரு நாடகக் கம்பெனியில் சம்பளத்தோடு முதல் வேலை கிடைத்த பிறகுதான் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். அப்போது அவருக்கு வயது 25. அந்த வாய்ப்பும் வானத்திலிருந்து விழவில்லை. அவருடைய அண்ணன் ஆர்தர் வைட் ஏற்கெனவே நடிகராக இருந்தார், அவர் வழியாக வந்தது.

அண்ணன் பெயரில் வைட், தம்பி பெயரில் எப்படி ஜேசன் வந்தது என்று கேட்பீர்கள். அந்தக் காலத்தில் ஈக்விட்டி என்ற நடிகர் சங்கத்தின் கார்டு இல்லாமல் இங்கே நடிக்க முடியாது. ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கவும் சங்கம் விடாது. டேவிட் வைட் என்ற பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருந்ததால் இவர் ஜேசன் ஆனார். கார்டு இருந்தால்தான் வேலை, வேலை செய்திருந்தால்தான் கார்டு என்று ஒரு கோழி-முட்டைக் கதை அப்போது உண்டு. அந்தக் கட்டாயம் இப்போது இல்லை. அது ஒரு விதத்தில் நல்லது. இன்னொரு விதத்தில், வாசலே இல்லாத வீட்டுக்குள் யார் வேண்டுமானாலும் வரலாம் என்றால் உள்ளே எவ்வளவு நெரிசல் இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, 25 வயதில் உள்ளே வந்துவிட்டார். உடனே புகழா? இல்லை.

1967இல் குழந்தைகளுக்கான ஒரு நகைச்சுவைத் தொடரில் நடித்தார். கூட இருந்தவர்கள் எரிக் ஐடில், டெர்ரி ஜோன்ஸ், மைக்கேல் பேலின். 1969இல் அந்த மூவரும் மான்டி பைத்தான் என்ற நகைச்சுவைக் குழுவில் சேர்ந்து உலகப் புகழ் பெற்றார்கள். ஜேசன் அந்தக் குழுவில் இல்லை. அதற்கு நடுவில் 1968இல், 'டேட்ஸ் ஆர்மி' தொடரில் கார்ப்பரல் ஜோன்ஸ் என்ற கிழவர் வேடம் இவருக்குத்தான் என்று காலையில் சொன்னார்கள். சாயங்காலத்துக்குள் கிளைவ் டன் கிடைத்துவிட்டார், இவருக்கு இல்லை என்று ஆகிவிட்டது. அந்தத் தொடர் 9 வருடம் ஓடியது. 1974இல் இவரையே நாயகனாக வைத்து ஒரு தொடர் எடுத்தார்கள், அது எடுபடவில்லை.

இப்படிப்பட்ட ஒரு நாளைக்கு உங்கள் மகன் என்ன செய்வான்? காலையில் கையில் இருந்த வேலை மதியம் மூன்று மணிக்கு இல்லை. அன்று ராத்திரி அவன் எங்கே இருப்பான், யாரோடு பேசுவான், மறுநாள் காலை எதற்காக எழுந்திருப்பான்? நடிக்க வருமா என்று என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். அதை ஆடிஷனில் உட்கார்ந்திருப்பவர்கள் சொல்லட்டும். எனக்கு இந்த ராத்திரிதான் முக்கியம்.

அந்த வருடங்களில் ஜேசன் நடித்துக்கொண்டே இருந்தார், ஆனால் பெரும்பாலும் ஓரத்தில். ரோனி பார்க்கர் என்ற பெரிய நகைச்சுவை நடிகர் இவரைக் கவனித்துத் தன்னோடு வைத்துக்கொண்டார். முப்பது வயதை ஒட்டி, 100 வயதுத் தோட்டக்காரனாக நடித்தார். சிறைச்சாலைத் தொடரான 'பாரிட்ஜ்'இல் ஒரு கிழக் கைதி. 'ஓப்பன் ஆல் அவர்ஸ்'இல் மளிகைக் கடை எடுபிடிப் பையன், அதுவும் 33 வயதில். எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று: அதே கடையை 2013இல் மறுபடி ஒரு தொடராக எடுத்தபோது, எடுபிடிப் பையன் கல்லாவில் முதலாளியாக நின்றான். நடிகருக்கு அப்போது 73 வயது.

இதற்கிடையே லண்டன் மேடையில் ஒரு கேலிக்கூத்து நாடகத்தில், மைக்கேல் க்ராஃபர்ட் விட்டுப்போன வேடத்தை எடுத்து ஓடி, விழுந்து, உருண்டு நடித்தார். அங்கெல்லாம் வாரத்துக்கு 8 காட்சிகள். டிவியில் பார்க்கிறவனுக்குத் தெரியாத உடலுழைப்பு இது.

அந்த உழைப்பு எங்கே வந்து சேர்ந்தது என்று பார்க்க வேண்டுமா? உங்கள் கணவரும் மகனும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பதாக எழுதியிருந்தீர்களே, 'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்ஸஸ்', அதில் 1989இல் வந்த ஒரு காட்சி. லண்டனின் பெக்கம் சந்தையில் கண்டதையும் விற்கும் டெல் பாய் (ஜேசனின் வேடம்), பெரிய மனுஷன் தோரணையில் ஒரு ஒயின் பாரில் கவுன்ட்டர் மேல் சாய்ந்து நிற்கிறான். பணியாள் கவுன்ட்டரின் மடக்குப் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே போகிறான். டெல் அதைக் கவனிக்காமல் மறுபடி சாய்கிறான். பலகை இல்லை. மரம் சாய்கிற மாதிரி அப்படியே பக்கவாட்டில் போய்விடுகிறான்.

மகனிடம் அந்த ஒரு நொடியை நிறுத்தி நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். யார் விழுந்தாலும் கை தானாக முன்னால் வரும், தலை திரும்பும், முழங்கால் மடங்கும். இவரிடம் அப்படி எதுவும் நடக்கவில்லை. கண் எதிரே பார்த்தபடி இருக்கிறது, முகத்தில் அதே தோரணை. கீழே மெத்தை போட்டிருந்தார்கள் என்றாலும், உடம்பின் பயத்தை அடக்கி விழுவதற்கு எத்தனை ராத்திரி மேடையில் விழுந்திருக்க வேண்டும்! பிரிட்டனே சிரித்த அந்த விழுதல் நடந்தபோது அவர் தொழிலுக்கு வந்து 24 வருடம்.

அந்தத் தொடர் 1981 செப்டம்பரில் தொடங்கியபோது அவருக்கு 41 வயது. டெல் பாய் வேடத்துக்கு முதலில் நினைத்த ஆளும் அவர் இல்லை. ஆரம்பத்தில் தொடரைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவுமில்லை. 1996 டிசம்பர் 29 அன்று ஒளிபரப்பான அத்தியாயத்தை 2 கோடியே 43 லட்சம் பேர் பார்த்தார்கள். 1992இலிருந்து 2010 வரை 'எ டச் ஆஃப் ஃப்ராஸ்ட்' தொடரில் போலீஸ் அதிகாரி. நிஜ போலீஸாக இருந்தால் என்றைக்கோ ஓய்வு பெற்றிருப்பார், இவர் 70 வயது வரை துப்பறிந்தார். 2005இல் சர் பட்டம். மகன் சாப்பாட்டு மேசையில் சொன்னது இந்தக் கடைசி வரியை மட்டும்.

இனி உங்கள் கணவரின் பாதி. மிஸ்டர் பீனாக நடித்த ரோவன் அட்கின்சன் நியூகாசிலில் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படித்தார், மேல்படிப்புக்கு ஆக்ஸ்ஃபோர்டு போனார், எல்லாம் சரி. ஆனால் அந்தப் பட்டத்தை ஆபத்துக்கு உதவும் என்று பெட்டியில் வைத்துக்கொண்டு அவர் நடிக்கப் போகவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் அவருக்குக் கிடைத்தது மாணவர் நாடக மேடையும், பிறகு அவருக்காக எழுதிய ரிச்சர்ட் கர்ட்டிஸ் போன்ற கூட்டாளிகளும். நம் ஆட்களிலேயே 'பிரிட்ஜர்ட்டன்' தொடரில் நடித்த சரித்ரா சந்திரன் ஆக்ஸ்ஃபோர்டில் அரசியல், தத்துவம், பொருளாதாரம் படித்தவர். ஆகவே இன்ஜினியரிங்தான் என்று முடிவானால், தரவரிசையை மட்டும் பார்த்துப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அங்கே மாணவர் நாடகம் உயிரோடு இருக்கிறதா என்று பல்கலைக்கழகத்தைச் சுற்றிப் பார்க்க விடும் ஓப்பன் டே அன்று மகனே கேட்கட்டும்.

நாடகப் பள்ளிதான் என்றால், லண்டனின் புகழ்பெற்ற நாடகப் பள்ளியான ராடாவில் நடிப்புப் பட்டப் படிப்புக்கு வருடத்துக்கு 28 பேரைத்தான் எடுக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். ஏ-லெவல் மதிப்பெண் அங்கே கணக்கில்லை, ஆடிஷன்தான். ஒரு பழைய செவ்வியல் வசனம், ஒரு நவீன வசனம் தயாராக இருக்க வேண்டும். முதல் முறை கிடைக்காமல் இரண்டாவது, மூன்றாவது முறை போய்ச் சேர்ந்தவர்கள் நிறைய. அதனால் ஏ-லெவலை நல்லபடி முடித்துவிட்டு, ஒரு வருடம் வேலை பார்த்துக்கொண்டே ஆடிஷன் கொடுப்பது தோல்வி இல்லை. நம் சொந்தக்காரர்கள் கேட்டால் "கேப் இயர்" என்று சொல்லிவிடுங்கள், யாரும் மறு கேள்வி கேட்கமாட்டார்கள்.

பணம் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை நீங்கள். நான் கேட்டாக வேண்டும். உங்களுக்கு ஐஎல்ஆர், அதாவது இங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி, வந்துவிட்டதா, இல்லை இன்னும் வேலை விசாவா? படிப்பு தொடங்கும் நேரத்தில் மகனுக்கு அந்த அனுமதியும் அதற்கு முந்தைய 3 வருட வசிப்பும் இருந்தால் பொதுவாக உள்நாட்டுக் கட்டணம். 2025-26இல் வருடத்துக்கு 9,535 பவுண்டு வரை. அதற்குக் கடன் கிடைக்கும். படித்து முடித்த பிறகு அவனுடைய வருட வருமானம் 25,000 பவுண்டைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 9 சதவீதம் பிடிப்பார்கள். 40 வருடத்தில் மீதி தள்ளுபடி. விசா சரியாகவில்லை என்றால் வெளிநாட்டு மாணவர் கட்டணம், அது பல மடங்கு. நடிப்பா இன்ஜினியரிங்கா என்று சண்டை போடுவதற்கு முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள், இரண்டுக்கும் இது பொது.

இன்னொன்று. இரண்டு வருடம் முன்பு ஒரு அப்பா என்னிடம் வந்தார். மகளுக்கு டிவி வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொன்ன ஓர் ஏஜென்சிக்கு, ஃபோட்டோ எடுக்க மட்டும் கையிலிருந்து பெரிய தொகை கட்டியிருந்தார். அழகான ஆல்பம் வந்தது. ஒரு ஃபோன்கூட வரவில்லை. உண்மையான ஏஜென்ட், வேலை வாங்கிக் கொடுத்து அந்தச் சம்பளத்தில்தான் கமிஷன் எடுப்பார். முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடச் சொல்லுங்கள்.

ஜேசனுக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு நடிகர் அண்ணன் இருந்தார். உங்கள் மகனுக்கு அப்படி யாரும் இல்லை, அந்த இடத்தை நிரப்ப வேண்டும். நேஷனல் யூத் தியேட்டர் 14 முதல் 25 வயது வரை சேர்க்கிறது. அதற்கு இந்த வருடமே விண்ணப்பிக்கட்டும். அதோடு சனி ஞாயிறில் பக்கத்து அமெச்சூர் குழு ஒன்றில் ஏதாவது வேலை. நடிக்க வேடம் தராவிட்டால் லைட் கட்டட்டும். இயற்பியல் படிக்கிற பையன்தானே. மேடை லைட்டிங், படப்பிடிப்பு மின் வேலை எல்லாம் சம்பளம் தருகிற தனித் தொழில்கள், அவற்றுக்குப் பட்டப் படிப்புகளும் உண்டு. அந்தப் பக்கம் மனசு போனாலும் போகும். போகாவிட்டால், வேடமில்லாத மாதங்களில் வாடகைக்கு உதவும்.

மகனிடம் ஒரு வேலை கொடுங்கள். அடுத்த 6 வாரத்தில் இரண்டு வசனங்களை மனப்பாடம் செய்யட்டும், ஒன்று ஷேக்ஸ்பியர். படித்துக் காட்டுவது வேண்டாம், நடித்துக் காட்டட்டும். முதல் ஆடியன்ஸ் நீங்கள் இருவரும். பிடிக்கவில்லை என்றால் முகத்தில் காட்டுங்கள், பரவாயில்லை, பழகிக்கொள்ள வேண்டிய முகம்தான் அது. அதற்கப்புறம் வரும் சனிக்கிழமை மூவரும் என்னைப் பார்க்க வாருங்கள். விசாக் காகிதங்களையும் எடுத்து வாருங்கள். காலையில் வேண்டாம், நைட் ஷிஃப்ட் முடிந்து நீங்கள் கொஞ்சம் தூங்கிவிட்டு வாருங்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் எனக்கும் வசதி.